1920கள்ல அமெரிக்காவுல கார் வாங்குறதுன்னா: ஃபோர்டா, ஷெவர்லேயா?

ஃபோர்டு மாடல் டி-யோட பெரிய பலம் விலைதான். 1908ல 850 டாலர் இருந்தது 1925 வாக்குல ரெண்டு சீட்டு மாடல் 260 டாலருக்கு வந்துடுச்சு, கிராமத்து விவசாயி கூட வாங்கலாம், ரிப்பேரையும் அவரே பாத்துக்கலாம். ஆனா ஓட்டுறது ஒரு தனி வித்தை சாமி! கீழ மூணு பெடல், இடது கிளட்ச், நடுவுல ரிவர்ஸ், வலது பிரேக், ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்குக்கு கீழ கைல. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில, பம்ப் கிடையாது, முன்னாடி இருக்குற எஞ்சினுக்கு பெட்ரோல் தானா இறங்கி வந்தாதான் உண்டு, அதனால டேங்க்ல கம்மியா இருக்கும்போது செங்குத்தான மேடுன்னா வண்டிய திருப்பி ரிவர்ஸ்லயே ஏத்துவாங்களாம். கலரும் 1914லேருந்து 1925 வரைக்கும் கருப்பு மட்டும்தான்.

ஷெவர்லே விலை கூடத்தான், ஆனா மூணு கியர், கலர், வருஷா வருஷம் புது லுக்குன்னு அத தயாரிச்ச ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஆசை காட்டுச்சு. எனக்கு இதுல சுவாரஸ்யமே கடன் மேட்டர்தான். அவங்க 1919லயே தவணைக்குன்னு தனி கம்பெனி வெச்சுட்டாங்க, கொஞ்சம் முன்பணம் கட்டி வண்டிய அன்னைக்கே ஓட்டிட்டு போலாம். ஹென்றி ஃபோர்டுக்கு கடன்னாலே ஆகாது. 1923ல அவர் கொண்டுவந்தது கிட்டத்தட்ட நம்ம சீட்டு மாதிரி, வாரம் 5 டாலர் கட்டிட்டே வரணும், முழுசா கட்டி முடிச்சாதான் சாவி. யாருங்க காத்திருப்பா? 1927 மே மாசம் மாடல் டி-ய நிறுத்திட்டாரு, அந்த வருஷம் விற்பனைல ஷெவர்லே முந்திடுச்சு.

என்னைக் கேட்டா மண் ரோட்டுக்கு ஃபோர்டுதான், டவுன்ல இருக்கவனுக்கு ஷெவர்லே.