பரண்மேல் ஒரு பை: பலகையை மாற்றுவதா, பாகங்களை மாற்றுவதா?

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரே இரவில் நான்கு முறை மின்சாரம் போய் வந்தது. காலையில் "தொட்டியில் தண்ணீர் ஏறவில்லையே" என்று அப்பா சொன்ன பிறகுதான் பரணை எட்டிப் பார்த்தேன். அங்கே ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டு உட்கார்ந்திருந்தது. மாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்த்து மோட்டாரைப் போடுவது, குடும்பப் புகைப்படங்களைக் காப்பது, வாசல் கேமராவின் பதிவுகளை வாங்கி வைப்பது, விடியற்காலையில் அப்பாவின் பழைய ஸ்பீக்கரில் பக்திப் பாடல் போடுவது என்று எங்கள் வீட்டில் அதற்கு வேலை அதிகம். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெமரி கார்டு போய்விட்டது.

இனி அடுத்த தலைமுறையான பை 5 வாங்கிவிடுவோம் என்று, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். கடைக்காரர் பலகையை எடுத்து வைத்துவிட்டு, "போர்டு மட்டும் போதுமா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்த ஒப்பீடு பிறந்தது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பை 4-ஐ வைத்துக்கொண்டு எஸ்.எஸ்.டி. (மெமரி கார்டைவிட வேகமான சேமிப்பகம்) சேர்ப்பது, பை 5-க்கு மாறுவது, இன்டெல் என்100 சில்லு வைத்த குட்டிக் கணினி வாங்குவது.

முதலில் சேமிப்பு. பை 4-இல் மெமரி கார்டு நொடிக்குச் சுமார் 40 மெகாபைட்தான் தரும். ஆனால் தரவுத்தளத்தையும் கேமராவையும் வைத்திருப்பவரைப் படுத்துவது அந்த எண் அல்ல, சின்னச் சின்னத் தகவல்களை அடிக்கடி எழுதும் வேகம். கார்டின் மேல் அச்சிடும் ஏ1 முத்திரைக்கு நொடிக்கு 1500 முறை வாசிக்கவும் 500 முறை எழுதவும் முடிந்தால் போதும். மலிவான, பழைய வகையான சாட்டா எஸ்.எஸ்.டி.யே இதை எளிதில் தாண்டிவிடும். அதை யு.எஸ்.பி. 3 வழியாகப் பை 4-இல் செருகினால் நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் வருகிறது. பை 5-இல் உள்ள பி.சி.ஐ.இ. என்ற அதிவேக இணைப்பு இரண்டாம் தலைமுறை, ஒற்றைப் பாதை. அதில் என்.வி.எம்.இ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. போட்டால் 400-ஐத் தாண்டும். பெட்டியின் மேல் 7000 என்று அச்சிட்ட விலையுயர்ந்த என்.வி.எம்.இ. வாங்கி அதில் மாட்டுவது, மாம்பலம் சந்தில் ஓட்டப் பந்தயக் கார் வாங்குவது மாதிரி.

சரி, 300-க்கும் 400-க்கும் வீட்டில் வித்தியாசம் தெரியுமா? இரண்டு பலகைகளிலும் இருப்பது கிகாபிட் ஈதர்நெட். அதில் நொடிக்கு 115 மெகாபைட் போலத்தான் போகும். கூடத்திலிருந்து படங்களைத் திறக்கிற அம்மாவுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு எச்சரிக்கை: யு.எஸ்.பி. 3 கேபிளின் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குலைக்கும். எஸ்.எஸ்.டி.யைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அல்லது நெட்வொர்க் கேபிளையே செருகிவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். புதுக் கார்டு போட்டவுடன் பையிடமே 'கெட் த்ராட்டில்ட்' என்ற கட்டளையால் நலம் விசாரித்தேன். ஐந்தும் அதன் பின் நான்கு பூஜ்யமும் பதிலாக வந்தன. அதாவது பலகையை எழுப்பியதிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது, எப்போதோ வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை இப்படிக் குறித்து வைத்துக்கொள்ளும். காரணம் அடாப்டர் அல்ல. நான் செருகியிருந்த மெல்லிய, இரண்டு மீட்டர் கைப்பேசிக் கேபிள். குட்டையான, தடித்த கேபிளுக்கு மாற்றினேன். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். என்று போட்ட சுவிட்ச் ஒன்று இருந்தது. அதைத் தட்டியதும், மின்சாரம் மாறும்போது பலகை அணைந்து எழுவதும் நின்றது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவு ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாடு.

பை 5 இதே இடத்தில் இன்னும் பிடிவாதக்காரர். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கிறது. வீட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அத்தகைய சார்ஜர்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். அதைச் செருகினால் பலகை எழும். ஆனால் யு.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். சரியான அடாப்டர் என்றால் 1.6 ஆம்பியர். ஆக, 27 வாட் அடாப்டரும் வாங்க வேண்டும். விசிறியும் வேண்டும். 80 டிகிரியைத் தொட்டால் இரண்டு தலைமுறைகளும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மே மாதச் சென்னையில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், பரண்மேல், அந்த 80 வெகுதூரத்தில் இல்லை. பை 4-ஐ அலுமினியப் பெட்டியில் விசிறியில்லாமல் ஓட்டுகிறேன். பை 5-இல் அந்தத் துணிச்சல் எனக்கு வராது. விசிறி வந்தால் தூசியும் வரும், கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பை 5-ஐக் குறை மட்டும் சொன்னால் அநியாயம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அதன் ஏ76 செயலிக் கோர்கள் பை 4-ஐவிட இரண்டு, மூன்று மடங்கு வேகம். மேசைக் கணினியாக வைத்து உலாவியைத் திறந்தால் உடனே தெரியும். ஆற்றல் பொத்தான், பேட்டரி போட்டால் நேரம் மறக்காத கடிகாரம் எல்லாம் உண்டு. ஆனால் போனவையும் இருக்கின்றன. 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளை இல்லை. அப்பாவின் ஸ்பீக்கருக்குத் தனி யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வாங்க வேண்டும். கேமரா வீடியோவை எச்.264 வடிவில் சுருக்கும் வன்பொருளும் இல்லை. பை 4-இல் அது இருந்தது. பை 5-இல் அந்த வேலையைக் கோர்களே சுமக்கின்றன. மோட்டாரைப் போடும் ரிலேவுக்காக நான் எழுதிய பைதான் நிரலும் அப்படியே ஓடாது. ரிலே போன்றவற்றை இணைக்கும் 40 பின்களும் (ஜி.பி.ஐ.ஓ.) இப்போது ஆர்.பி.1 என்ற தனிச் சில்லின் கையில் இருப்பதால், பலரும் நம்பியிருந்த பழைய ஜி.பி.ஐ.ஓ. நூலகம் அங்கே வேலை செய்வதில்லை.

அடாப்டர், விசிறி, என்.வி.எம்.இ., அதற்கான துணைப்பலகை, பெட்டி என்று கூட்டிக்கொண்டே வந்தால் தொகை என்100 குட்டிக் கணினியை நெருங்கிவிடுகிறது. அதில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ளேயே இருக்கும். பல மாடல்களில் பின்னாளில் மாற்றவும் முடியும். பையில் ரேம் பலகையோடு பற்றவைத்தது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. வீட்டு வீடியோக்களைத் தொலைக்காட்சிக்கேற்ப மாற்றி அனுப்பும் வேலையில் இன்டெல் சில்லுக்குள்ளேயே இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருள் பக்கத்தில் எந்தப் பையும் நிற்காது. மின்கட்டணப் பயமும் வேண்டாம். இடைவிடாமல் எரியும் ஒரு வாட், இரண்டு மாதத்தில் 1.44 யூனிட். பையைவிட ஐந்து வாட் கூடுதலாகத் தின்றாலும் ஏழு யூனிட்தான். பின்கள் மட்டும் கிடையாது. மோட்டாருக்குப் பைக்கோ டபிள்யூ என்ற சின்ன வைஃபை பலகை ஒன்றைத் தனியாக வைக்க வேண்டியிருக்கும்.

புதிதாக இன்று தொடங்குகிறவர், பின்கள் வேண்டாம், கோப்பும் படமும் போதும் என்றால் நேராக என்100 வாங்கலாம். பின்களும் வேண்டும், அதிலேயே உலாவியும் திறக்க வேண்டும் என்பவருக்கு பை 5. என்னைப் போல ஏற்கெனவே பை 4 வைத்திருப்பவர் பலகையைத் தொடவே வேண்டாம். நான் அன்று கடைக்காரரிடம் ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும், யு.ஏ.எஸ்.பி. (யு.எஸ்.பி. வழியே எஸ்.எஸ்.டி.யை வேகமாக ஓட்டும் முறை) ஒழுங்காக வேலை செய்யும் ஒரு சாட்டா கேபிளும் மட்டும் கேட்டேன். எடுத்து வைத்த பை 5-ஐ அவர் சலிக்காமல் மறுபடி அலமாரியில் ஏற்றினார்.