ஒரு பிள்ளையின் கட்டணமா, பலருக்கான பொது நிதியா?

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நினைப்பவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று, கட்டணம் முதலிய செலவுகளை ஆண்டுதோறும் தாமே செலுத்தி வருவது ஒன்று. பல பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஓர் அறக்கட்டளையின் பொது நிதிக்குப் பணம் அனுப்பிவிட்டு, யாருக்கு எவ்வளவு என்பதை அவர்களிடமே விட்டுவிடுவது மற்றொன்று. நான் முதல் வழியில் மூன்றாண்டுகள் இருந்தேன். இரண்டாம் வழியில் இப்போது ஐந்தாண்டுகளாக இருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் மனம் பொது நிதியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்குப் பல காரணங்களைச் சொல்லலாம் என்றாலும், என்னை மாற வைத்தது ஒரே ஒரு காரணம்தான்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கல்வியாண்டின் தொடக்கத்தில் பை, நோட்டு, புத்தகம், சீருடை ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பது. இதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பொருளைக் கொடுப்பதும் படிப்பைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் பாடநூல்களை இலவசமாக வழங்கிப் பார்த்த ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளியானது. மாணவர்களின் சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்த பிள்ளைகள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பிள்ளைகளில் பலருக்கோ அது மூன்றாவது மொழி. அதே நாட்டில் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தபோது இடைநிற்றல் குறைந்தது. எனவே எந்தப் பொருளுக்காகப் பிள்ளை உண்மையிலேயே வாசலில் தடுக்கப்படுகிறது என்று தெரிந்து கொடுத்தால் பலன் உண்டு. தெரியாமல் கொடுத்தால் அது வழங்கும் விழாவின் புகைப்படத்தோடு முடிந்துபோகும். இந்த வழியை இத்தோடு விடுகிறேன்.

முதலிரண்டு வழிகளுக்கும் இடையே வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடுகள் எல்லோரும் அறிந்தவை. ஒரு பிள்ளைக்கு நேரடியாகக் கட்டும்போது பணம் எங்கே போகிறது என்பது ரசீதோடு தெரியும், நிர்வாகச் செலவு என்று எதுவும் பிடிக்கப்படாது, அந்தக் குடும்பத்தோடு ஓர் உறவும் வளரும். பொது நிதியில் இவை மூன்றும் மங்கலாகவே இருக்கும். அந்த உறவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுப்பவருக்கு அது இனிமையாக இருக்கிற அளவுக்கு வாங்கும் வீட்டாருக்கும் இனிமையாக இருக்கிறது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். நான் உதவிய சிறுமியின் தாய், ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் வர வேண்டாம் என்றும் சொன்னதில்லை என்பதை இப்போது நினைக்கையில் கூச்சமாக இருக்கிறது.

தீர்மானிக்கும் காரணம் இவற்றில் எதுவும் அல்ல. கொடுப்பவரால் தொடர்ந்து கொடுக்க முடியாமல் போகும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதே அது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அச்சிறுமியை நான் பொறுப்பேற்றபோது, கட்டணம் இல்லாத பள்ளி ஒன்றில் அவள் படித்துக்கொண்டிருந்தாள். உதவி கிடைக்கிறதே என்ற தைரியத்தில், கட்டணம் வாங்கும் ஒரு பள்ளிக்குப் பெற்றோர் அவளை மாற்றினார்கள். நானும் அதை ஊக்குவித்தேன். மூன்றாம் ஆண்டின் நடுவில் எனக்கு வேலை போயிற்று. இரண்டு தவணைகளைக் கடன் வாங்கிக் கட்டினேன், மூன்றாவதைக் கட்ட முடியவில்லை. கட்டண பாக்கி இருந்ததால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமாயிற்று, பழைய பள்ளியில் இடம் இல்லை, வேறொரு பள்ளியில் சேர்ந்து பாடங்களைப் பிடிப்பதற்குள் அந்த ஆண்டே வீணாயிற்று. நான் உதவியே செய்யாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டை அவள் இழந்திருக்க மாட்டாள். நல்லெண்ணத்தால் நேர்ந்தது என்று சொல்லி இதிலிருந்து நான் நழுவ விரும்பவில்லை.

இதை என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாமா என்று பின்னர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுநிலை வகுப்பு ஒன்றில் பொறுப்பேற்கும் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்க ஏழு ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேலையிழப்பு, நோய், வீட்டில் ஒரு பெருஞ்செலவு, அல்லது வெறும் சலிப்பு என ஏதோ ஒன்றால் நன்கொடையாளர் ஓர் ஆண்டில் விலகிப்போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான் என்றும் வைத்துக்கொள்வோம். 0.9ஐ ஏழு முறை பெருக்கினால் கிடைப்பது 0.48. அதாவது, ஓராண்டுக்குள் பார்த்தால் மிகவும் நம்பகமானவராகத் தெரியும் அந்த மனிதர், ஏழாண்டுகளும் இடையறாமல் உடனிருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கும் குறைவு. பத்து என்பது நானாக எடுத்துக்கொண்ட எண். ஐந்து என்று மாற்றிப் போட்டாலும் பத்தில் மூன்று பிள்ளைகள் நடுவழியில் விடப்படுகிறார்கள்.

செலவும் ஒரே அளவில் நிற்பதில்லை. கட்டணம் ஆண்டுக்கு எட்டு விழுக்காடு ஏறினால், ஏழாம் ஆண்டில் அது முதலாண்டைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். உயர்நிலை வகுப்புகளில் தேர்வுக் கட்டணம், போக்குவரத்து, செய்முறை வகுப்புச் செலவு என்று புதியவையும் சேர்கின்றன. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு செலவும் இருக்கிறது: பதினான்கு வயதுப் பிள்ளை வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரக்கூடிய கூலி. எட்டு வயதில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. மெக்சிகோ 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம் இதைச் சரியாகவே கணித்திருந்தது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் அத்திட்டத்தில், வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, உயர்நிலை வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கிடைத்தது. பிள்ளைகள் சேர்க்கையில் அது காட்டிய பெரிய பலன் தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைக்குப் போகும் கட்டத்தில்தான் தெரிந்தது. தனி நன்கொடையாளரின் ஆர்வமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, முதலாண்டில் உச்சத்தில் இருந்து பிறகு தணிந்துகொண்டே போகிறது. பிள்ளைக்கு அதிகம் தேவைப்படும் ஆண்டும் நாம் களைத்துப்போகும் ஆண்டும் ஒன்றாக அமைந்துவிடுவதே இதிலுள்ள சிக்கல்.

முழுப் படிப்புக்கும் உறுதி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கானாவில் நடந்த ஆய்வு நல்ல சான்று. உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமில்லாமல் சேர முடியாதிருந்த 2,064 பேரில், 682 பேருக்கு 2008இல் குலுக்கல் முறையில் உதவித்தொகை கொடுத்தார்கள். நான்காண்டுக் கட்டணமும் நேராகப் பள்ளிக்கே செலுத்தப்பட்டது. உதவி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் பெறாதவர்களைவிட மிகவும் அதிகமாக இருந்தது. அந்த உதவியில் என் கண்ணில் முதலில் பட்டது தொகையின் அளவு அல்ல, ‘நான்காண்டு’ என்று முதல்நாளே சொல்லப்பட்டதுதான். அடுத்த தவணை வருமா என்ற கேள்வி இல்லாத வீட்டில்தான், பிள்ளையை வேலைக்கு அனுப்புவது பற்றிய பேச்சும் தள்ளிப்போகும்.

நன்றாக நடத்தப்படும் பொது நிதி இந்த உறுதியை எப்படித் தருகிறது என்பதை விளக்க வேண்டும். நூறு பேர் கொடுக்கும் நிதியில் ஓராண்டில் பத்துப் பேர் விலகி, ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தால், வருமானம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறையும். அந்தக் குறைவை ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் தலையில் போடாமல், அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்க்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வார்கள். இதிலும் யாரோ ஒரு பிள்ளைக்கு இழப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க முடியாது. ஆனால் உதவி கிடைக்காமல் போவதற்கும், கிடைத்த உதவி நடுவில் அறுந்துபோவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு பிள்ளையின் முகத்தில் பார்த்திருக்கிறேன். நான் இப்போது கொடுத்துவரும் நிதிக்கு, மருத்துவச் செலவு ஒன்றின் காரணமாகச் சென்ற ஆண்டு இரண்டு மாதம் பணம் அனுப்பவில்லை. அதனால் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் இல்லாதது தெரியவே இல்லை என்பது முதலில் சற்று உறுத்தியது, பின்னர் அதுவே நிம்மதியாயிற்று.

எதிர்வாதம் ஒன்று வலுவாகவே இருக்கிறது. கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் தனிப்பிள்ளைப் பொறுப்பேற்புத் திட்டத்தை, இந்தியா, கென்யா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டி ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, பொறுப்பேற்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருக்கிறார்கள். இது சிறிய பலன் அல்ல. ஒரு பிள்ளையை ஒருவர் பெயர் சொல்லி நம்புவது அந்தப் பிள்ளையின் எதிர்பார்ப்பையே உயர்த்தக்கூடும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். ஆயினும் அங்கே நன்கொடையாளருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓர் அமைப்பு நிற்கிறது. பள்ளி நேரம் போக வாரந்தோறும் பிள்ளைகளைக் கூட்டி அவர்கள் கற்பிக்கிறார்கள். நான் செய்தது போல, ஒரு வீட்டின் மாதச் சம்பளத்தை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படிப்போடு நேராக முடிச்சுப் போடுவது அல்ல அது. எனவே அந்த ஆய்வு நடுவில் அமைப்பு இருப்பதன் பயனையும் சேர்த்தே காட்டுகிறது என்பது என் வாசிப்பு.

பொது நிதிகளில் எல்லாமே இப்படி இருப்பதில்லை. ஆண்டு அறிக்கையில் ‘இவ்வாண்டு இத்தனை பேர் பயன்பெற்றனர்’ என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அது எனக்கு எதையும் சொல்வதில்லை. நான் கேட்கும் கேள்வி வேறு: ஏழாண்டுகளுக்கு முன் நீங்கள் சேர்த்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இன்று படித்துக்கொண்டிருப்பவர்கள் அல்லது முடித்தவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் எங்கே போனார்கள்? இதற்குப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய நிதியே உண்மையில் பிள்ளைகளைப் பின்தொடர்கிறது. புதிய நன்கொடை ஒரு காசும் வராவிட்டாலும் இப்போதுள்ள பிள்ளைகளை எத்தனை மாதம் படிக்க வைக்கக் கையிருப்பு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஓராண்டுச் செலவுகூட இல்லை என்றால், அவர்கள் கொடுக்கும் உறுதிக்கும் நான் கொடுத்த உறுதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டையும் கேட்டபோது சில இடங்களில் உற்சாகமாகப் பதில் வந்தது, சில இடங்களில் மீண்டும் அழைப்பதாகச் சொல்லி அழைக்காமலே விட்டார்கள். நிர்வாகச் செலவின் விழுக்காட்டை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஓர் ஆளை வைப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பொது நிதிகளின் உண்மையான குறை, மதிப்பெண் அதிகம் வாங்கும் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் அறிக்கை அழகாக அமையும். ஆனால் நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு எப்படியும் ஒரு கை நீளும் வாய்ப்பு உண்டு, சுமாராகப் படிக்கும் பிள்ளைதான் ஓசையில்லாமல் வெளியேறுகிறது. இந்த இடத்தில் தனிப்பட்ட முறையில் உதவுபவர் ஒரு படி மேல், ஏனெனில் அவர் தமக்குத் தெரிந்த வீட்டின் தேவையைப் பார்க்கிறாரே தவிர மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை.

கல்லூரிப் படிப்புக்கு இந்த ஒப்பீடு பொருந்துமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உதவியிருக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகளில் முடியும் படிப்பில், விலகிப்போகும் வாய்ப்பும் குறையும் என்பதால் தனிப் பொறுப்பேற்பு அங்கே மேலும் பொருத்தமாக இருக்கலாம். ஐந்தாண்டு அனுபவம் என்பதும், ஏழாண்டு உறுதியைப் பற்றிப் பேசுவதற்குக் குறைவுதான். நான் சேர்ந்த ஆண்டில் எடுக்கப்பட்ட பிள்ளைகள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை.

நேரடியாகவே உதவ வேண்டும் என்ற விருப்பம் விடவில்லை என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. முழுப் படிப்புக்கும் ஆகும் தொகையை, கட்டண ஏற்றத்தையும் கணக்கிட்டு, முதலில் வங்கியில் தனிக் கணக்கில் சேர்த்துவிட்டு அதன் பிறகே பிள்ளையைத் தேடுவது. அப்போது நம் வேலை போனாலும் பிள்ளையின் கட்டணம் போகாது, பொது நிதியைவிடக்கூட அது உறுதியானது. அப்படி ஒரு கணக்கை இரண்டாண்டுகளுக்கு முன் தொடங்கினேன். இப்போதைய வேகத்தில் அது நிறைய இன்னும் மூன்றாண்டுகள் ஆகும். அதுவரை யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை.