ஹை எண்ட் ஐ7னு சொல்லி பழைய லேப்டாப்பை தலையில கட்டிட்டாங்க, வீட்டுக்கு லேப்டாப் வாங்கப் போறவங்க படிச்சுட்டு போங்க

வீட்டு உபயோகத்துக்கு லேப்டாப் பாத்துட்டு இருக்கறவங்க, முக்கியமா பட்ஜெட் மாடலே போதுமா இல்ல இன்னும் கொஞ்சம் போட்டு பெரிய மாடலா எடுத்துடலாமானு யோசிச்சுட்டு இருக்கறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. அந்த யோசனையில நாம நிக்கற இடத்துலதான் சில செல்லருங்க வந்து புகுந்துக்கறாங்க. எனக்கு நடந்தது அதுதான், இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாதுனுதான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

எங்க வீட்டுத் தேவை ரொம்ப சாதாரணம். பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ், எனக்கு எக்ஸெல்ல கணக்கு, சாயங்காலம் வீடியோ கால், கொஞ்சம் படம் பாக்கறது, அவ்வளவுதான், கேம் கிடையாது, வீடியோ எடிட்டிங் கிடையாது. நான் முதல்ல பாத்து வச்சிருந்தது இன்டெல் கம்பெனியோட ஐ3-1215யூ ப்ராசஸர் (லேப்டாப்போட மூளை மாதிரி), 8 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படற மெமரி), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் சேமிக்கற இடம்) போட்ட ஒரு பட்ஜெட் மாடல். ஒரு ஷாப்பிங் சைட்ல இருந்த தேர்ட் பார்ட்டி செல்லர் (அந்த சைட் மூலமா விக்கற வெளி ஆள்) கிட்ட அதைப் பத்தி கேக்கத்தான் போன் பண்ணேன், அவர் எடுத்ததுமே "மேடம், ஐ3 எல்லாம் பேஸிக் மேடம், ரெண்டு வருஷத்துல திணற ஆரம்பிச்சிடும், கொஞ்சம்தான் வித்தியாசம், அதுக்கு நான் ஐ7ஏ தர்றேன், பிசினஸ் சீரிஸ், ஹை எண்ட் மாடல், மெட்டல் பாடி, 16 ஜிபி வரைக்கும் ரேம், 1.25 டிபி ஸ்டோரேஜ்"னு மூச்சு விடாம சொன்னாரு. புது பீஸ்தானேனு ரெண்டு தடவை தெளிவா கேட்டேன். "பாக்ஸ் பீஸ் மேடம், சீல் பண்ணதுதான்"னாரு. லிஸ்டிங்லயும் "புதியது"னுதான் போட்டிருந்தாங்க, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

பெட்டி வந்துச்சு, சீல் இருந்துச்சு, உள்ள லேப்டாப் பளபளன்னு இருந்துச்சு, மூடி மேல பிளாஸ்டிக் ஷீட் கூட ஒட்டியிருந்தாங்க. ஆனா வீடியோ கால் போட்டு பக்கத்துல ரெண்டு டேப் திறந்தா ஃபேன் சத்தம் எதிர்ல இருக்கறவங்களுக்கே கேக்குது, கீழ் பக்கம் கை வைக்க முடியல, சார்ஜரை கழட்டினா ஒரு கிளாஸ் முடியறதுக்குள்ள பேட்டரி சிவப்பு காட்டுது. செல்லர் கிட்ட கேட்டா புது லேப்டாப் செட்டில் ஆக கொஞ்ச நாள் ஆகும், அப்டேட் ஓடிட்டு இருக்கும்னு ஒரே பதில்.

லீவுக்கு வந்திருந்த எங்க அக்கா பையன்தான் கண்டுபிடிச்சான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை திறந்தவன், "சித்தி, இதுல கோர் ரெண்டுதான் காட்டுது, ஐ7னு சொன்னீங்களே, இது ஏழாவது ஜெனரேஷன் சித்தி"ன்னான். உள்ள இருந்தது ஐ7-7500யூ. அது இன்டெல் 2016ல கொண்டு வந்த ப்ராசஸர், ரெண்டே கோர் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி), நாலு த்ரெட் (ஒரே நேரத்துல கையாளற வேலை வரிசை). என்னை வேணாம்னு சொல்ல வச்ச அந்த "பேஸிக்" ஐ3-1215யூ 2022ல வந்தது, ஆறு கோர், எட்டு த்ரெட். வீட்ல செய்யற எந்த வேலைய எடுத்துக்கிட்டாலும் அந்த ஐ3 இந்த ஐ7ஐ விட நல்ல வேகம். அதாவது ஹை எண்ட்னு கூட காசு வாங்கிட்டு, பட்ஜெட் மாடலை விட கீழ இருக்கறதை குடுத்திருக்காங்க.

இதை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். ஐ3, ஐ5, ஐ7ங்கறது ஒரே ஜெனரேஷனுக்குள்ள மேல கீழ சொல்றது, வேற வேற ஜெனரேஷனுக்கு நடுவுல அந்த எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது. கார் வாங்கும்போது எந்த வருஷ மாடல்னு கேக்கறோம்ல, அந்த கேள்வி இங்கயும் வேணும். ஐ7னு போட்டு கோடு போட்டதுக்கு அப்புறம் வர்ற எண்தான் விஷயம், 7500னா ஏழாவது ஜெனரேஷன், 1215னா பன்னெண்டாவது. லிஸ்டிங்ல அந்த முழு எண்ணை போடாம வெறும் "கோர் ஐ7"னு மட்டும் போட்டிருந்தா அங்கயே சந்தேகப்படுங்க. இப்ப 2023 கடைசியில இருந்து பேரையே மாத்திட்டாங்க, ஐங்கற எழுத்து போய் கோர் அல்ட்ரா 5, அல்ட்ரா 7னு வருது, அல்ட்ரா இல்லாம வெறும் கோர் 5, கோர் 7னும் வருது, ரெண்டும் ஒண்ணு கிடையாது. கோர் 5 120யூ, கோர் 7 150யூ மாதிரி எண்கள் எல்லாம் முந்தின 13வது ஜெனரேஷன் டிசைனையே திரும்ப கொண்டு வந்தது. மோசம்னு சொல்லல, வீட்டுக்கு தாராளமா போதும், ஆனா புத்தம்புது ஹை எண்ட்னு சொல்லி அதுக்கான விலை கேட்டா குடுக்காதீங்க.

இன்டெல்லுக்குப் போட்டியா ப்ராசஸர் செய்யற ஏஎம்டி பக்கமும் இப்படி ஒரு குழப்பம் இருக்கு. ரைஸன் 5 7520யூனு பாத்தா 7000 சீரிஸ், ரொம்ப புதுசு மாதிரி தெரியும், ஆனா அந்த சீரிஸ்ல மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்கற டிசைனை சொல்லுது (ஸென்ங்கறது அந்த டிசைனோட பேரு), 2னா பழைய ஸென் 2, 3னா ஸென் 3, 4னா ஸென் 4. 7520யூல நாலு கோர்தான், 7530யூல ஆறு கோர். பத்து எண் வித்தியாசம்தானேனு விட்டுடாதீங்க.

சரி, என் லேப்டாப்புக்கு வர்றேன். அக்கா பையன் ஒவ்வொண்ணா பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. 16 ஜிபி "வரைக்கும்"னு சொன்ன ரேம் உள்ள 8தான், 16 வரைக்கும் நாமளே காசு குடுத்து ஏத்திக்கலாமாம். 1.25 டிபி ஸ்டோரேஜ்ங்கறது 256 ஜிபி எஸ்எஸ்டியும், ஒரு வருஷத்துக்கு மட்டும் வர்ற 1 டிபி க்ளவுட் இடமும் சேர்த்து போட்ட கணக்கு. அந்த எஸ்எஸ்டியும் பேரே கேள்விப்படாத கம்பெனி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குனு காட்டும், புது லேப்டாப்ல அது ரொம்ப சின்ன எண்ணா இருக்கணும், எங்களுக்கு ஆயிரக்கணக்குல காட்டுச்சு. அடி பக்கம் திருப்பிப் பாத்தா ஸ்க்ரூ தலையில எல்லாம் கீறல், ஒரு ஸ்க்ரூ மத்ததோட சேராம வேற நிறத்துல இருந்துச்சு.

பேட்டரிய பாக்க விண்டோஸ்லயே வழி இருக்கு, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜினு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட்னு சேர்த்து எழுதி என்டர் தட்டினா ஒரு ஃபைல் எங்க சேவ் ஆச்சுனு சொல்லும், அதை ப்ரவுசர்ல திறங்க. அதுல டிசைன் கப்பாசிட்டினு ஒண்ணும் ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டினு ஒண்ணும் இருக்கும், புதுசுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். எங்களோடதுல ரெண்டாவது எண் முதல் எண்ணுல பாதி கூட இல்ல.

விண்டோஸ் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறல. விண்டோஸ் 11க்கு பொதுவா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் அதுக்கு மேலயும் வேணும், டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு. இவங்க அந்த செக்கிங்கை தாண்டிப் போற மாதிரி ஏதோ பண்ணி ஏழாவது ஜெனரேஷன்ல 11ஐ ஏத்திக் குடுத்திருக்காங்க. அப்படி ஏத்தினதுக்கு அப்டேட் தொடர்ந்து வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. பழையபடி 10க்கு போகலாம்னா அதுக்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. என் கணிப்பு, இந்த மாதிரி பழைய ஜெனரேஷன் லேப்டாப்புங்களை பெரிய ஆபீஸுங்க மொத்தமா கழிச்சு விடறதாலதான் இப்ப இதெல்லாம் பாலிஷ் போட்டு புதுசுன்னு சுத்துது. ரீஃபர்பிஷ்டுனு (பழசை சரி பண்ணி விக்கறதுனு) நேர்மையா சொல்லி, அதுக்கேத்த விலைக்கு வித்தா தப்பே இல்ல, எத்தனையோ பேருக்கு அது உதவியா இருக்கும். புதுசுன்னு பொய் சொல்றதுதான் அக்கிரமம்.

செல்லர் கிட்ட திரும்ப பேசினா, ஐ7 கேட்டீங்க ஐ7 குடுத்தோம்ங்கறாரு. பில்லை எடுத்துப் பாத்தா "ஐ7 லேப்டாப் 1"னு மட்டும் எழுதியிருக்கு, மாடல் எண் இல்ல, சீரியல் எண் இல்ல. பேட்டரி தேயறது வாரண்டில வராதுங்கறாரு. அப்புறம்தான் லேப்டாப் அடியில இருந்த சீரியல் எண்ணை தயாரிச்ச கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல போட்டுப் பாத்தோம், வாரண்டி பல வருஷம் முன்னாடியே முடிஞ்சதுனு வந்துச்சு, ஃபேக்டரில இருந்து வரும்போது என்ன ரேம், என்ன டிஸ்க் இருந்துச்சுங்கறதும் அதுலயே இருந்துச்சு. அந்தப் பக்கத்தையும், "புதியது"னு போட்ட லிஸ்டிங் ஸ்க்ரீன்ஷாட்டையும், பேட்டரி ரிப்போர்ட்டையும் சேர்த்து ஷாப்பிங் சைட்டுக்கு அனுப்பினேன். முதல்ல ரிட்டர்ன் நாள் முடிஞ்சுதுன்னாங்க, இது ரிட்டர்ன் இல்ல, சொன்ன பொருளையே அனுப்பலைங்கற புகார்னு திரும்பத் திரும்ப எழுதினதுக்கு அப்புறம்தான் எடுத்துக்கிட்டாங்க. பணம் வந்துச்சு, ஆனா பாதி பரீட்சை சமயம் பசங்க போன்லயே படிச்சாங்க, அதுக்கு யாரு பதில் சொல்றது.

இதைப் படிச்சுட்டு பட்ஜெட்டே போதும்னு ரொம்ப கீழ போயிடாதீங்க. செலரான் என்4020 மாதிரி ரெண்டு கோர் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (போர்டோடயே ஒட்டின, எஸ்எஸ்டிய விட மெதுவான) ஸ்டோரேஜ்னு வர்றது எல்லாம் விண்டோஸ் திணறாம ஓடறதுக்கு பத்தாது, பெரிய அப்டேட் வந்தா இடம் இல்லனு நிக்கும், இஎம்எம்சிய கழட்டி மாத்தவும் முடியாது. என்னைக் கேட்டா வீட்டுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்த ப்ராசஸர், 16 ஜிபி ரேம் இல்லனா பின்னாடி 16 ஆக்கறதுக்கு ஸ்லாட் இருக்கற 8 ஜிபி, என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, ஐபிஎஸ் (பக்கத்துல இருந்து பாத்தாலும் நிறம் மாறாத வகை) ஃபுல் எச்டி டிஸ்ப்ளே, இது போதும். ரேமுக்கு ஸ்லாட் இருக்கா இல்ல மாத்த முடியாதபடி போர்டோட சோல்டர் பண்ணிட்டாங்களானு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க, விலை ஜாஸ்தியான மெல்லிசு மாடல்கள்லயும் நிறைய சோல்டர்தான். உண்மையான ஹை எண்ட்ல நீங்க குடுக்கற காசு பெரும்பாலும் நல்ல டிஸ்ப்ளே, எடை கம்மி, நீடிச்ச பேட்டரி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இதுக்கெல்லாம் போகுது. வீடியோ எடிட் பண்றவங்க, 3டி வேலை செய்யறவங்க, நாள் முழுக்க தூக்கிட்டு அலையறவங்க எடுக்கட்டும், அது அவங்களுக்கு நியாயமான செலவு.

கடைசியா ஒண்ணு, நான் புகார் குடுத்த அந்த லிஸ்டிங்கை தூக்கிட்டாங்க, ஆனா அதே போட்டோ, அதே "1.25 டிபி", அதே "16 ஜிபி வரை"ங்கற வார்த்தையோட வேற செல்லர் பேர்ல திரும்ப வந்திருக்கு, அதையும் ரிப்போர்ட் பண்ணியிருக்கேன். அந்த மாதிரி பாத்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி ப்ராசஸரோட முழு எண்ணையும் சீரியல் எண்ணையும் போன்ல இல்லாம மெசேஜ்ல கேளுங்க, குடுக்கலனா விட்டுடுங்க. ஏற்கனவே வாங்கினவங்க இருந்தா ரிட்டர்ன் நாள் போறதுக்குள்ள இன்னிக்கே அந்த பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க.