டெட்ராய்ட்டை யார் பக்கத்தில் நிறுத்துவது?

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். பெருநகரப் பள்ளி மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் என் விரல் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். அங்கே பெரும்பாலும் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் இருக்கும். பிள்ளைகளின் கற்றலை நாடு முழுக்க அளக்கும் 'நேப்' (NAEP) தேர்வின் பெருநகரப் பிரிவில் அந்த மாவட்டம் முதன்முதலில் சேர்ந்தது 2009-இல். நான்காம் வகுப்புக் கணக்கில் அதன் சராசரி 200. நாட்டின் சராசரி 239. தேர்வு தொடங்கி நாற்பது ஆண்டுகளில் கணக்கில் அவ்வளவு தாழ்ந்த மதிப்பெண் பதிவானதே இல்லை. அதே ஆண்டு பட்டியலின் உச்சியில் நின்றது வட கரோலினாவின் ஷார்லட்-மெக்லன்பர்க், 245.

நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம். ஆசிரியர்கள் சரியில்லை, நிர்வாகம் சரியில்லை என்று தீர்ப்பு எழுதப் பலருக்கும் இதுவே போதும். எனக்குப் போதவில்லை. இந்த இரண்டு மாவட்டங்களும் ஒரே வகைதானா என்பதே என் சந்தேகம்.

ஷார்லட் நகரப் பள்ளிகளும் அதைச் சுற்றிய மெக்லன்பர்க் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) பள்ளிகளும் 1960-லேயே ஒன்றாக இணைக்கப்பட்டன. நகரத்து ஏழைக் குடியிருப்பும் புறநகரின் வசதியான வீடுகளும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்க அங்கே பஸ் விட்டதை உச்ச நீதிமன்றம் 1971-இல் ஏற்றுக்கொண்டது. டெட்ராய்ட்டின் கதை இதற்கு நேர் எதிர். நகரத்தோடு 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கப் போட்ட திட்டத்தை அதே நீதிமன்றம் 1974-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. எட்டு மைல் சாலைக்குத் தெற்கே டெட்ராய்ட், வடக்கே புறநகர். சாலையைக் கடப்பது எளிது, மாவட்ட எல்லையைக் கடப்பது எளிதல்ல. ஆகவே அந்த 245-இல் புறநகரும் கலந்திருக்கிறது. 200-இல் நகரம் மட்டும்தான். அந்த நகரத்திலும் சார்ட்டர் பள்ளிகளில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடப்பவை) படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில் வருவதில்லை.

ஷார்லட்டைக் கொண்டாடுபவர்களுக்கு இன்னொரு செய்தி. ஏழை வீட்டுப் பிள்ளை பெரியவனாகி மேல்தட்டுக்குப் போகும் வாய்ப்பைப் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். நாட்டின் 50 பெரிய நகரப் பகுதிகளில் ஷார்லட்டுக்குக் கிடைத்தது ஐம்பதாவது இடம்.

டெட்ராய்ட்டோடு ஒப்பிட ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாந்து பொருத்தமான கூட்டாளி. அதுவும் தொழிற்சாலைகள் மூடி, மக்கள் வெளியேறிச் சுருங்கிய நகரம். 2009-இல் அதன் மதிப்பெண் 213. வறுமையும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால் இந்த 13 புள்ளியை ஷார்லட்டின் 45-ஐ விடப் பெரிதாக மதிக்கிறேன். நிர்வாகத்தில்தான் பாதைகள் பிரிகின்றன. கிளீவ்லாந்துப் பள்ளிகள் 1998 முதல் மேயர் பொறுப்பில் இருக்கின்றன. டெட்ராய்ட்டிலோ மாநில அரசு 2009-இலிருந்து பள்ளிகளின் நிதியைச் சீர்செய்ய ஒருவர் பின் ஒருவராக அவசரகால மேலாளர்களை அனுப்பியது. கடைசியில் 2016-இல் 61.7 கோடி டாலர் கொடுத்து, கடனைப் பழைய மாவட்டத்தின் தலையில் விட்டுவிட்டுப் புதிய மாவட்டம் ஒன்றைத் தொடங்கவேண்டியிருந்தது. 2017-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் வந்தது.

வறுமையை எப்படி அளப்பது என்பதும் சிக்கல்தான். இலவச மதிய உணவுக்கு வீட்டு வருமானத்தை எழுதிக் கொடுக்கும் படிவம் ஒன்று இருந்தது. ஆய்வாளர்கள் அதை நம்பித்தான் ஒப்பிட்டார்கள். ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசம் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்த பிறகு பல மாவட்டங்களில் அந்தப் படிவமே தேவையில்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு நல்லது, புள்ளிவிவரக்காரருக்குத் தலைவலி.

சிகாகோவைப் பக்கத்தில் வைத்தால் கேள்வியே மாறிவிடுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் ரியர்டன் 2009 முதல் 2014 வரையிலான மதிப்பெண்களை எடுத்து, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதோடு எவ்வளவு நகர்ந்தார்கள் என்றும் பார்த்தார். சிகாகோவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டின் சராசரிக்கு வெகு கீழே இருந்தார்கள். ஆனால் எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள், ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான படிப்பை முன்னேறியிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் மோசமான மாவட்டம். வளர்ச்சியைப் பார்த்தால் நாட்டின் ஆகச் சிறந்தவற்றுள் ஒன்று. பள்ளி என்ன செய்தது என்பதைச் சொல்வது இரண்டாவது கணக்குதான் என்பது என் கட்சி.

டெட்ராய்ட்டுக்கும் வளர்ச்சிக் கணக்கே நியாயம். ஆனால் வளர்வதற்குப் பிள்ளை வகுப்பில் இருக்கவேண்டுமே. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு நாட்களைத் தவறவிட்டால் 'நாட்பட்ட வராமை' என்கிறார்கள். 2023-24-இல் டெட்ராய்ட் மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வந்தார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பொதுவாக மஞ்சள் பள்ளிப் பேருந்து கிடையாது. நகரப் பேருந்துக்குத்தான் காத்திருக்கவேண்டும். 2025 ஜனவரியில் மாவட்டம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது: இரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் வரும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு 200 டாலர்.