பாலியா, மொரீசியஸா: ஒரு கடைமடைக்காரரின் ஒப்பீடு

“கடலையும் தென்னையையும் பார்க்க நான் விமானம் ஏற வேண்டியதில்லை, அண்ணே, நாகப்பட்டினத்துக்குப் பேருந்து இருக்கிறது. அங்கே இருக்கிற சனங்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிச் சாமி கும்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆசை. ஒரு தீவுக்குத்தான் பணம் சேர்ந்திருக்கிறது. பாலிக்குப் போகவா, மொரீசியஸுக்குப் போகவா?” என்று என் சித்தப்பா மகன் கேட்டபோது என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு தீவுகளிலும் வெவ்வேறு ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் தங்கியிருக்கிறேன். இரண்டிலும் விடுதிக் கடற்கரையை விட்டு ஊருக்குள் நடந்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதையும் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் நிலம் நன்னிலம் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதைப் பார்த்தேன் என்பதைப் பாதி தீர்மானித்தது அதுதான்.

யாழ்ப்பாணத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியபின், நம் பகுதியிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தீவு இலங்கைதான். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் தஞ்சைக்காரர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர். அந்தப் பயணத்தைத் தனியாக எழுத வேண்டும்.

பாலி இந்துத் தீவு, ஆகையால் அங்கே போனால் நம் கோயில்களைப் பார்க்கலாம் என்றும், மொரீசியஸ் புதுமணத் தம்பதிகள் போகும் கடற்கரை என்றும் நம் ஊர்ப்பக்கம் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். பாலியின் 43 லட்சம் மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய கோயிலுக்குள் நுழைந்தால் நாம் தேடும் கருவறையும் மூலவரும் இல்லை. வானம் பார்த்த முற்றங்களும், கறுப்பு நாரால் வேய்ந்த அடுக்குக் கூரைகளும், பத்மாசனம் என்ற உயர்ந்த கல் இருக்கையும் இருக்கின்றன. பரம்பொருள் வந்து அமர வேண்டிய அந்த இருக்கை காலியாகவே இருக்கிறது. விசேஷங்களில் பன்றி இறைச்சி படைக்கிறார்கள். சில சடங்குகளுக்குச் சேவல் சண்டையில் சிந்தும் ரத்தம் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது அந்நியமாகப் படும். அய்யனார் கோயில் திடலில் படையல் போட்டுப் பழகியவருக்கு அவ்வளவு அந்நியமாகப் படாது.

நமக்கு நெருக்கமானவை வேறு இடங்களில் தென்படுகின்றன. தினமும் காலையில் தென்னங்குருத்தால் பின்னிய உள்ளங்கை அளவுத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து, வாசற்படியிலும் கடை முகப்பிலும் நடைபாதையிலும் வைக்கிறார்கள். சானாங் சாரி என்று அதற்குப் பெயர். ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு படித்துறையில் இறங்கும் நம் பெண்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ஓலையைக் கையில் எடுப்பதை அந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் எடுக்கிறார்கள். அவர்களுடைய 210 நாள் பஞ்சாங்கத்தில் சரஸ்வதிக்கு ஒரு நாள் உண்டு. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து வரும் தும்பெக் லண்டெப் என்ற நாளில் இரும்புக் கருவிகளுக்குப் பூசை செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஓலைத் தோரணம் கட்டுகிறார்கள். அதை ஆயுத பூசை என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது.

நான் அதிக நேரம் நின்றது வாய்க்கால் ஓரத்தில். பாலியில் நெல்வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் விவசாயிகள் கூட்டுக்கு சுபாக் என்று பெயர். ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் இருக்கின்றன. ஒரே நீர் ஆதாரத்தைப் பகிரும் 50 முதல் 400 விவசாயிகள் ஒவ்வொன்றிலும் இருப்பார்கள். பெகாசே எனப்படும் தலைவரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். மலைமேல் பாத்தூர் ஏரியின் தெய்வத்துக்கான உலுன் டானு கோயில் தொடங்கி வயல் தலைப்பில் இருக்கும் சிறு மாடம் வரை நீர்க்கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. எப்போது நாற்று விடுவது, எந்தப் பகுதி முதலில் நடுவது, எந்தப் பகுதியைத் தரிசாக விடுவது என்பதையெல்லாம் அந்தக் கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். ஜத்திலுவி உள்ளிட்ட வயல்வெளிகளையும் நீர்க்கோயில்களையும் யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த அறிவிப்பால் வந்த கூட்டத்தில் பலர் படிக்கட்டு வயலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அந்த வயலில் படமெடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. 1970களில் புதிய நெல் ரகங்கள் வந்தபோது, கோயில் முறையைக் காத்திராமல் ஒவ்வொருவரும் இயன்றபோதெல்லாம் நட வேண்டும் என்று அரசு ஊக்குவித்தது. சில ஆண்டுகளிலேயே பூச்சித் தாக்குதல் பெருகியது. தண்ணீர்ப் பங்கீடும் குலைந்தது. மானுடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங் இதை ஆராய்ந்து, கணினி மாதிரியில் வைத்துப் பார்த்து, கோயில் அட்டவணைக்குள் இருந்த கணக்கை வெளியே எடுத்தார். பெரும்பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் அறுவடையாகித் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தங்க இடம் இருக்காது. அப்படிக் கிடக்க வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து நட வேண்டும். சேர்ந்து நட வேண்டுமானால் கடைமடைக்கும் நேரத்தில் தண்ணீர் போக வேண்டும். மேல்மடைக்காரர் கீழே தண்ணீர் விடுவதில் பக்தியும் இருக்கிறது, தன் பயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் அறிவும் இருக்கிறது.

இதைக் கேட்டு என் வயிறு கலங்கியது என்று சொன்னால் அது மிகையல்ல. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருந்து, திறந்தால் கல்லணையில் விதையும் மலரும் தூவி வரவேற்கிறோம். அதன்பின் எங்கள் வாய்க்காலுக்கு எந்த முறையில் தண்ணீர் வரும் என்பதைச் செய்தித்தாளில் படித்தோ மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரான லஸ்கரைக் கேட்டோதான் தெரிந்துகொள்கிறோம். ஊரார் கூடி வாய்க்காலைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. கூடி உட்கார்ந்து தண்ணீரைப் பேசும் பழக்கம் மெலிந்துவிட்டது. மலைச்சரிவு ஓடையையும் இரண்டு மாநிலங்களைக் கடந்து வரும் பேராற்றையும் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாய்க்கால் அளவிலாவது அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

மொரீசியஸில் எனக்குக் கிடைத்தது முற்றிலும் வேறு. போர்ட் லூயி சந்தையில் முருங்கைக்கீரைக்கு ‘பிரெட் மூரூம்’ என்றும், கறிவேப்பிலைக்கு ‘காரிபூலே’ என்றும், ரசத்துக்கு ‘ராசோன்’ என்றும் சொல்கிறார்கள். பேசுவது பிரெஞ்சை அடியாகக் கொண்ட கிரியோல். அதற்குள் நம் அடுக்களை உட்கார்ந்திருக்கிறது. பெயர்களும் அப்படியே. முத்து ‘மூட்டூ’ ஆகியிருக்கிறது, சின்னத்தம்பி ‘சினத்தாம்பூ’ ஆகியிருக்கிறது, சுப்பிரமணியன் ‘சூப்ரமனியேன்’ ஆகியிருக்கிறது. பிரெஞ்சுக்காரரான லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1735 முதல் 1746 வரையிலான காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் அங்கே போனார்கள். பிறகு 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களில் தஞ்சை, திருச்சிச் சீமையாரும் உண்டு. அவர்கள் இறங்கிய இடமான ‘ஆப்ரவாசி காட்’ என்ற துறையில் இன்றும் 16 கற்படிகள் நிற்கின்றன. 2006 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். அந்தப் படியில் கால் வைத்தபோது, எங்கள் ஊரில் கரை சேராமல் போனதாகப் பேசப்படும் குடும்பங்களை நினைத்துக்கொண்டேன்.

அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்ட நோட்டுகள் எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிடப்பட்டன. தாய்மொழி வீட்டுப்பேச்சாக இல்லாத மக்கள் அதன் இடத்துக்காக அப்படி நின்றார்கள். தைப்பூசக் காவடி அங்கே பொது விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, அலகு குத்தி, பூக்காவடியும் பால்குடமும் எடுத்து, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருகிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி ரோமன் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்துத் திருப்புகழ் பாடினார். பொருள் தெரியுமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாழையிலையில் ஏழு கறியோடு போட்ட சோறு எங்கள் பந்தியை அப்படியே நினைவூட்டியது.

குறை சொல்ல வேண்டுமானால், மொரீசியஸில் இவற்றையெல்லாம் தேடிப் போக வேண்டும். கடற்கரை விடுதியில் ஒரு வாரம் தங்கினால் ஒரு கோவிலைக் கூடப் பார்க்காமல் திரும்பிவிடலாம். அந்த விடுதிகளும் ஊரும் இரண்டு தனி உலகங்கள். பாலியில் பண்பாடு வாசலிலேயே, காலடியிலேயே இருக்கிறது, ஆனால் அதுவே அதற்குச் சோதனையாகவும் ஆகியிருக்கிறது. 1971இலேயே டென்பசாரில் அறிஞர்கள் கூடி, கோயில் உள்முற்றத்துக்கு மட்டுமே உரிய ஆட்டம் எது, பார்வையாளருக்கு ஆடிக் காட்டக்கூடிய ஆட்டம் எது என்று வகை பிரித்தார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் 1,50,000 ருப்பியா கட்டணமும் வாங்குகிறார்கள். தெற்குக் கடற்கரைப் பக்கம் வயல்கள் மாளிகைகளாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பகுதியில் தங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சித்தியையும் அழைத்துக்கொண்டு போவதானால் மொரீசியஸ்தான் சரி என்று தம்பியிடம் சொன்னேன். அவருக்குச் சாப்பாடும் பிடிக்கும். காவடியைப் பார்த்தால் மொழி தெரியாத அந்த மக்களைக் கட்டிக்கொள்வார். தனியாகப் போகிறாய், விவசாயம் செய்கிறாய் என்றால் பாலிக்குப் போ என்றேன். நம்மை அடையாளம் கண்டுகொள்ளும் இன்பத்தை மொரீசியஸ் தருகிறது. நாளைக்கு நம் வயலில் செய்யக்கூடிய ஒன்றைப் பாலிதான் காட்டுகிறது. காலக் கணக்கும் அதற்கே ஒத்துவருகிறது. தைப்பூசம் சம்பா அறுவடை நேரத்தில் வரும். அப்போது எங்கள் பகுதியில் யாரும் நகர முடியாது. நியேப்பி என்ற பாலிப் புத்தாண்டு பெரும்பாலும் மார்ச்சில், வயலில் உளுந்து நிற்கும் காலத்தில் வருகிறது. அன்று 24 மணி நேரமும் விளக்கு இல்லை, தெருவில் நடமாட்டம் இல்லை, விமான நிலையமே மூடிக்கிடக்கும். முதல்நாள் மாலை ஓகோ-ஓகோ என்ற பூதப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே தெருவில் நிற்கும். அவன் மார்ச்சுக்குச் சீட்டு எடுத்திருக்கிறான், திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக. ஜத்திலுவிக்கு இரண்டு நாள் ஒதுக்கவும், திரும்பும் விமானத்தை நியேப்பி நாளில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும், மடைக்கு மடை எப்படித் தண்ணீர் பிரிகிறது என்பதை ஒரு பெகாசேயிடம் நின்று கேட்டு எழுதிக்கொண்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.