அப்பச்சியின் பேரேடு

எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் சொல்வோம். மாசியில் அப்பச்சி தவறியபோது சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்து நாலே நாளில் திரும்பிவிட்டேன். கருமாதிவரைகூட இருக்க முடியவில்லை. அந்தக் குறை மனசை அரித்துக்கொண்டே இருந்ததால், சித்திரைக் கடைசியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி காரைக்குடிக்குப் போனேன். அப்பச்சி பேரில் இருந்ததையெல்லாம் ஆத்தா பேருக்கு மாற்ற வேண்டும். நான் ஒரே பிள்ளை. இதே காரியமாக வெளிநாட்டிலிருந்து ஊர் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்தில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது. குடிநுழைவில் வரிசை சீக்கிரம் நகர்ந்தது. அங்கிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் அப்பச்சிதான் அழைக்க வருவார். திருமயம் கோட்டை கண்ணில் படும்வரை கிரிக்கெட் ஆட்டக் கதைதான், அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் விசாரிப்பார். இந்த முறை கோட்டை வந்ததும் டிரைவரிடம் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் இறப்புச் சான்றிதழ். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பங்காளி வீட்டு அண்ணன் 21 நாளுக்குள் பதிந்து, சான்றிதழும் வாங்கி வைத்திருந்தார். பேரில்தான் சிக்கல். எங்கள் பக்கத்து இன்ஷியல்கள் தமிழில் ‘பழ.’, ‘சித.’, ‘கரு.’ என்று இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். ஆதாரில் ‘பிஎல்’, சான்றிதழில் வெறும் ‘பி’. நோட்டரியிடம் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்க ஒரு நாள் போனது. பதியும்போதே ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிடுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டில் அது யாருக்கும் தோன்றாது, அதனால்தான் சொல்கிறேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினோம். அங்கே இருந்த பெண் ஆத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, இ-சேவையில் பதிந்தவருக்குத் தரும் கேன் நம்பர் போட்டு, ஓடிபி வந்தபோது ஆத்தாவின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து வாசிக்க வைத்தது. கிராம நிர்வாக அலுவலரான விஏஓ வீட்டுக்கே வந்து விசாரித்தார். அது வருவாய் ஆய்வாளரான ஆர்ஐ பார்வைக்குப் போய், தாசில்தார் ஒப்புதலுக்குப் பிறகு இணையத்திலேயே சான்றிதழ் வந்துவிட்டது. யாரும் கை நீட்டவில்லை. பயந்துகொண்டே போன எனக்கு அது பெரிய ஆறுதல்.

மனசு வலித்தது வங்கியில்தான். அப்பச்சி 38 வருடம் வேலை பார்த்த வங்கி, அவர் கடைசியாக இருந்த அதே கிளை. வைப்புத்தொகைக்கெல்லாம் ஆத்தாதான் நாமினி. ஆனாலும் கவுன்டரில் இருந்தவர், கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று (சக்ஸஷன் சர்டிபிகேட்) வாங்கி வாருங்கள் என்றார். நாமினி இருந்தால் அப்படிக் கேட்கக் கூடாது, ஆவணங்கள் கொடுத்த 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. அப்பச்சி ஊரில் எத்தனையோ ஆச்சிகளுக்கு இதையே எடுத்துச் சொல்லிப் பணம் வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டுக்காரியே அந்தக் கவுன்டருக்கு வெளியே நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. மேலாளரைப் பார்த்து எழுத்தில் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் பணம் ஆத்தா கணக்குக்கு வந்தது. நீங்களும் வாயால் வாதாடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

எந்த வைப்புத்தொகை எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இரும்புப் பெட்டியில் ரசீதுகள் பாதிதான் இருந்தன. ஆத்தா உள்ளே போய் ஒரு பழைய பேரேட்டை எடுத்துவந்து வைத்தார்கள். “கணக்கெல்லாம் அவுக இதுலதான் எழுதுவாக.”

அது ஆட்டக் கணக்கு. 1983 ஜூன் 25, லார்ட்ஸ் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: ரேடியோவில் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். பக்கத்தின் வரவுப் பத்தியில் ஓட்டங்கள், பற்றுப் பத்தியில் விக்கெட்டுகள். நம்மவர்கள் 183, வெஸ்ட் இண்டீஸ் 140. அதற்குச் சில பக்கம் தள்ளி 1986 செப்டம்பர், சேப்பாக்கம். ஆத்தா என்னை ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது, ஐந்து நாள் லீவு போட்டு மீட்டர் கேஜ் ரயிலேறிப் போய்ப் பார்த்த டெஸ்ட் அது. கானாடுகாத்தான் குடும்பத்து எம்.ஏ. சிதம்பரம் பேரில் இருக்கும் மைதானம் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. கடைசி ஓவரில் நம்மவர்களுக்கு நாலு ஓட்டம் வேண்டும், ஒரே விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி மூன்று எடுத்துச் சமன் செய்தார். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி அவுட். இரண்டு அணியும் சம ஓட்டத்தில் முடிவதுதான் ‘டை’; டெஸ்ட் வரலாற்றில் இது இரண்டாவது. அந்தப் பக்கத்தில் வரவும் பற்றும் நேராகிவிட்டது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்தப் பேரேட்டின் கடைசி நாலு பக்கத்தில், அதே அழகான கையெழுத்தில், எல்லா வைப்புத்தொகை எண்ணும், முதிர்வுத் தேதியும், நாமினி பேரும், பென்ஷன் எண்ணும் வரிசையாக இருந்தன. ஆத்தா தேட மாட்டார்கள், ஆனால் இந்தப் பேரேட்டைத் தூக்கிப் போடவும் மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவருக்குத்தான் அது தெரியும்.

அவர் கிரிக்கெட்டோடு நின்றவரில்லை. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டார். இந்த வருடமும் போனார். சாயங்காலமானால் பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்தும் மரமட்டையுமாக ஐவர் அணியில் கடைசிவரை ஆடினார். கூட ஆடியவர்கள் நினைவுக் கோப்பை வைத்து, படம் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டலாம் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஆத்தா முகப்பில் நின்றபடியே, “கோப்பை வேணாம்ப்பா. நெட் கிழிஞ்சு கெடக்குன்னு அவுக சொல்லிக்கிட்டே இருந்தாக. அதை மாத்துங்க, லைட்டையும் நல்லாப் போடுங்க” என்றார்கள். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் வலையோடு ஒரு டஜன் பந்தும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பந்துக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் அப்பச்சிதான் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தாராம்.

கடைசியாக டிடிஎச். விளையாட்டுச் சேனல்களுக்கே சந்தாவில் பாதி போகிறது, ஆத்தா தனியாக இருக்கிறார்களே, அதை எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். “அதை வெட்டிப்புடாத” என்றார்கள். பேர் மட்டும் ஆத்தா பேருக்கு மாறியது, அரை மணி நேர வேலை.

கிளம்புவதற்கு முந்தைய இரவு சென்னை அணியின் ஆட்டம். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். உள்முற்றத்து வளவில் டிவி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஆத்தா ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பேரேட்டை விரித்து வைத்திருந்தார்கள். வைப்புத்தொகைப் பட்டியலுக்கு முந்தைய வெற்றுப் பக்கத்தில், கோணல் மாணலான எழுத்தில் தேதி போட்டு, வரவுப் பக்கம் ஓவருக்கு ஓவர் ஓட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். விக்கெட் விழுந்ததும் என்னைப் பார்த்து, “இது பற்றுப் பக்கத்துலதானே எழுதணும்?” என்றார்கள்.