ஹூக் தங்கம், டென்ஷன் கம்பி சவம்: இரண்டு வருடம் புழங்கிய பூட்டுக் கம்பி செட்

விலை பாதியாக இறங்கியதிலிருந்து "அண்ணாச்சி, இப்ப எடுத்துரலாமா?" என்ற கேள்வி நாலு பக்கமிருந்தும் வருகிறது. சாவி இல்லாமல் பூட்டுத் திறந்து பழகுகிறவர்களுக்கான செட்: பூட்டுக்குள் விட்டுத் துழாவ 17 கம்பி, பூட்டைத் திருப்பிப் பிடிக்க 5 டென்ஷன் கம்பி, உள்ளே நடப்பது வெளியே தெரிகிற அக்ரிலிக் பூட்டு ஒன்று, எல்லாம் ஜிப் வைத்த கறுப்புப் பையில் வருகிற அந்த செட்தான். விளம்பரத்தில் இருப்பதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

நியாயமாக நல்லதிலிருந்து தொடங்க வேண்டும். நுனி வளைந்த கம்பிகளான குட்டை ஹூக்கும் நடுத்தர ஹூக்கும் இந்த விலைக்கு நம்ப முடியாத தரம். 0.6 மி.மீ. தகடு, வளைத்து விட்டால் நேராகத் திரும்பிவிடுகிறது, முறியவில்லை. வெட்டின ஓரத்தில் மட்டும் பிசிறு உண்டு. 400 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் ஆரம்பித்து 600, 1000 என்று தேய்த்து முடித்தால், பூட்டுக்குள் இருக்கிற சின்ன உலோகக் குச்சியான பின்னின் அடியில் கம்பி உரசுவதே தெரியாது. பின் அசைவது மட்டும் விரலுக்கு வரும். கைப்பிடி ரப்பரை உருவி எறிந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பிசுபிசுத்து வழுக்குகிறது. பின் உட்காரும்போது வருகிற சின்ன 'டிக்'கையும் அது விழுங்கிவிடுகிறது. எலக்ட்ரிக் கடையில் கிடைக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூபை இரண்டு அடுக்கு மாட்டிச் சூடு காட்டினால் போதும், கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும்.

மீதிக் கம்பிகளில் பாதிக்கு மேல் அலை அலையான ரேக். மலிவுப் பூட்டில் விட்டு முன்னும் பின்னும் தேய்த்தால் திறக்கும்; ஏன் திறந்தது என்று திறந்தவருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவ்வளவுதான்.

இனி வயிற்றெரிச்சல். இந்த வேலையில் ஹூக்குக்குக் கால் பங்கு, டென்ஷனுக்கு முக்கால் பங்கு. சாவி நுழைந்து திரும்புகிற உருளையான பிளக்கில் பின்னுக்காகத் துளைக்கிற ஓட்டைகள் ஒரே கோட்டில் விழுவதே இல்லை; மயிரிழை விலகல் எப்போதும் இருக்கும். அதனால் பிளக்கை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒன்றாக இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடித் தள்ளி, பின்னின் மேல்துண்டும் கீழ்த்துண்டும் பிரிகிற இடத்தை பிளக்கின் விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பிளக் நூலளவு திரும்பும், அடுத்த பின் இறுகும். விசை கூடினால் ஐந்து பின்னும் கல்லாகிவிடும். குறைந்தால் அதுவரை உட்கார்ந்ததெல்லாம் பொலபொலவென்று பழைய இடத்துக்கு வந்துவிடும். பிச்சிப்பூ கட்டுகிறவர்கள் நாரை இழுக்கிற பதம் அது. கூடினால் காம்பு அறும், குறைந்தால் பூ உதிரும்.

1851இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், யாராலும் திறக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த பிராமா பூட்டைத் திறக்க 16 நாளில் 51 மணி நேரம் எடுத்தார். அப்போது பூட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தது அவருடைய பொறுமையைப் பற்றியல்ல. பூட்டோடு நிலையாகப் பொருத்தின கருவியை வைத்திருந்தார் என்பதைப் பற்றித்தான். விசையைப் பிடித்து நிறுத்துவதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

அந்த முக்காலைத்தான் இந்த செட் கெடுத்து வைத்திருக்கிறது. ஐந்து டென்ஷன் கம்பியும் 3 மி.மீ. அகலம். சாவித்துவாரத்தில், பின்கள் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சொருகினால் துவாரத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொள்கிறது. ஹூக் நிமிர இடமில்லை. அந்தப் பக்கம் வேண்டாம், பின்கள் இருக்கிற பக்கமே சொருகுவோம் என்றால் முனை நீளமாக இருந்து முதல் பின்னைப் போய் அழுத்துகிறது. மூலை வளைவு செங்கோணமாக மடியாமல் வாழைப்பழம் மாதிரி உருண்டிருக்கிறது, அதனால் நாலாவது பின்னில் இருக்கும்போது நழுவி விழுகிறது. உலோகமும் நொய்வு. விரல் கொடுக்கிற விசையைப் பட்டை தன் வளைவிலேயே தின்றுவிட்டு மிச்சத்தைப் பூட்டுக்குக் கொடுக்கிறது. சவம், இதை ஐந்தாக வேறு கொடுத்திருக்கிறார்கள்.

சரிசெய்யக் காசு செலவில்லை. பழைய இரும்புச் சட்டம் வைத்த வைப்பர் ரப்பருக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டெயின்லெஸ் பட்டை இருக்கும். பாளையங்கோட்டையிலோ டவுனிலோ எந்த மெக்கானிக் ஷெட்டிலும் கழித்துப் போட்ட பஸ், வேன் வைப்பர் கிடக்கும், கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சட்டமில்லாத புது மாடல் தட்டை வைப்பர் உதவாது. பட்டையின் தடிமன் முக்கால் மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை மாறும். துவாரத்தின் இடுக்குக்கு எது கெட்டியாகப் பிடிக்கிறதோ அதை எடுங்கள். வைஸில் கவ்வி, விரலால் வளைக்காமல் சுத்தியலால் தட்டித் தட்டி 90 டிகிரிக்கு மடிக்க வேண்டும். ஒரே அடியில் மடித்தால் மூலையில் கீறல் விடும். உள்ளே போகிற முனை 3 மி.மீ. போதும், முதல் பின்னைத் தொடவே கூடாது. அரத்தால் முனையில் இரண்டு மூன்று பல் வெட்டிவிட்டால் வழுக்காது. வெளியே இருக்கிற கை 7, 8 செ.மீ. இருக்கட்டும். நீளம் குறைந்தால் விசையை அளவாகக் கொடுப்பது சிரமம்.

அக்ரிலிக் பூட்டு வேறு மாதிரித் தொல்லை. பின் எப்படி நகர்கிறது என்று புரிய அரைமணி நேரம் அருமையான சாமான். அதற்கு மேல் போனால் கண் பழகும், கை பழகாது. துளைகளும் தளர்வு, எந்த வரிசையில் தள்ளினாலும் திறந்துவிடும். ஸ்பூல் பின் என்று இடுப்பு சிறுத்த பின் ஒன்று உண்டு. அதில் பிளக் சட்டென்று கொஞ்சம் திரும்பி, திறக்கப் போவதுபோல் ஆசை காட்டி நின்றுவிடும். அந்தப் பின்னைத் தள்ளும்போது பிளக் எதிர்ப்பக்கமாக உங்கள் விரலைத் தள்ளும். அங்கே விசையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பாடம் அக்ரிலிக்கில் வரவே வராது. ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதுவும் அதன்மேல் படக் கூடாது, மயிர் மயிராக வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீர்தான்.

பழகுவதற்கு நைட் லாட்ச் பூட்டின் உருண்டைப் பித்தளை சிலிண்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் தேடுங்கள், ஆனால் சாவியோடு. இரண்டு பக்கமும் சாவி போடுகிற சிலிண்டர் வேண்டாம். நடுவில் நாக்கு இருப்பதால், பிளக்கைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் நின்று ஸ்பிரிங் துள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஃபாலோயர் கட்டை நேராக நுழையாது. பின்களை எடுத்துக் குறைத்துப் பழகச் சிலிண்டரைக் கழற்ற வேண்டும்; அதற்கு வால்பக்க கிளிப்பை எடுத்து, சாவியை முப்பது டிகிரி போலத் திருப்பி, வால்பக்கத்திலிருந்து கட்டையால் பிளக்கை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். கட்டைக்கும் பிளக்குக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் ஸ்பிரிங் துள்ளும். எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்; வெறும் தாம்பாளத்தில் ஸ்பிரிங் விழுந்தால் எகிறிக் கட்டிலடிக்குப் போய்விடும். ஒரு பின் மட்டும் போட்டுத் திரும்ப மாட்டி, திறந்து பழகி, அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இந்தக் கட்டை விஷயத்தில்தான் எதிர்பாராத சந்தோஷம். செட்டில் ஃபாலோயர் கிடையாது, தனியாக வாங்கினால் அளவு பொருந்துவதில்லை. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிற பட்டறையில் பிளக்கையே கையில் கொடுத்து, அதைவிட நூலிழை, 0.1 மி.மீ. போல, குறைவாக ஓர் உருளை கேட்டால் கடைந்து தருகிறார்கள். வெர்னியர் காலிப்பர் இல்லாமலே, கண்ணாலும் விரலாலும் பார்த்து. சிலிண்டருக்குள் விட்டால் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. நீளம் பிளக்கைவிட மூன்று விரல் கூட இருக்கட்டும், முனை தட்டையாக இருக்கட்டும், அரக்கு மட்டும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரக்கு ஏற்றினால் அளவு கூடிவிடும்.

அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று. திறந்த சந்தோஷத்தில் பிளக்கை அரைவட்டம் சுற்றிவிடுவார்கள். சாவி இல்லாததால், சாவித்துவாரத்தின் திறந்த பக்கம் பின் துளைகளுக்கு நேரே வந்ததும் பின்கள் அதற்குள் இறங்கி, பிளக் அங்கேயே சிறைப்படும். பயந்து முறுக்கக் கூடாது. மெல்லிய பட்டை ஒன்றை விட்டுப் பின்களை வரிசையாகத் துளைக்குள் அழுத்திக்கொண்டே திருப்பினால் வந்துவிடும். உபயோகத்தில் இருக்கிற பூட்டில் கை வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். அடுத்தவர் பூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த செட்டை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரிய கதவுப் பூட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சாவித் தண்டு உருண்டு, நுனியில் மட்டும் கொடி மாதிரிப் பல் நீட்டியிருந்தால் அது லீவர் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு அந்த ஜாதி. அதில் தூக்குவது பின்னை அல்ல, லீவர் தகடுகளை. விசை கொடுப்பது பிளக்குக்கு அல்ல, தாழ்த்தண்டான போல்ட்டுக்கு. இந்தப் பையில் அதற்கு ஒன்றுமே இல்லை.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம்மிடம் போகாது. ஆனி, ஆடிக் காற்றில் வருகிற புழுதி அதில் ஒட்டிப் பசையாகி, பின் துளையிலேயே நின்றுவிடும். பயிற்சி சிலிண்டருக்குக் கிராஃபைட் தூள் போதும். எண்ணெய் விட்ட பூட்டில் அதையும் போட்டால் கறுப்பு மாவாகிவிடும், இரண்டில் ஒன்றுதான். தேய்த்துத் தீட்டின ஹூக்குக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு துடைத்து வைக்க வேண்டும். உவரி, திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை துடையுங்கள். ஸ்டெயின்லெஸ் என்று பையில் அச்சடித்திருந்தாலும் ஐப்பசி மழையில் வெட்டு ஓரங்களில் பொட்டுப் பொட்டாகத் துரு வருகிறது.

ஆக, எடுக்கலாமா என்றால், பாதி விலைக்கும் வேண்டாம். நல்ல ஹூக் இரண்டைத் தனியாக வாங்கிக்கொண்டு வைப்பர் பட்டையை மடியுங்கள். கால் விலைக்கு இறங்கினால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த ஹூக்குக்காக இன்னொரு செட் எடுத்து வைக்கலாம்.